இரைப்பை ஒரு கடிகாரமா?

தனி ஊசலின் அலைவு நேரத்தை அளந்து, "2.01 விநாடி" என்று மட்டும் எழுதி வரும் மாணவனிடம், "பிழை எவ்வளவு?" என்று ஆசிரியர் கேட்பார். இந்தச் சிறு கேள்விக்குச் சரியான விடை கிடைத்திருந்தால், 1959இல் கனடாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

அவன் பெயர் ஸ்டீவன் ட்ரஸ்காட். ஒன்டாரியோ மாநிலத்தில், கிளின்டன் விமானப்படைத் தளத்தில் வசித்தவன். ஜூன் 9 மாலை, உடன் படித்த 12 வயதுச் சிறுமியைத் தன் சைக்கிளில் ஏற்றிச் சென்றான். நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டதாகவும், அவள் ஒரு காரில் ஏறியதாகவும் சொன்னான். இரண்டு நாள் கழித்து அருகிலிருந்த தோப்பில் அவளுடைய உடல் கிடைத்தது.

கொலையை நேரில் கண்டவர் எவருமில்லை. எல்லாம் சந்தர்ப்ப சாட்சியமே. அது மட்டமான சாட்சியம் என்று எண்ணிவிடாதீர்கள். எலெக்ட்ரானை நாம் யாரும் கண்ணால் கண்டதில்லை. அது விட்டுச் சென்ற தடத்தைக் கொண்டுதான் நம்புகிறோம். ஆனால் தடம் எவ்வளவு துல்லியமானது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

இந்த வழக்கில் தடம், சிறுமியின் இரைப்பையில் இருந்த உணவு. அவள் 5.45 மணிக்குச் சாப்பிட்டு முடித்திருந்தாள். உணவு இரண்டு மணி நேரத்தில் இரைப்பையை விட்டு நீங்கிவிடும் என்ற கணக்கில், பிரேத பரிசோதனை செய்த டாக்டர் பெனிஸ்டன், இறந்த நேரம் 7.15க்கும் 7.45க்கும் இடையில் என்றார். வெறும் அரை மணி! அந்த அரை மணியில்தான் சிறுவன் அவளுடன் இருந்தான். எட்டு மணி அளவில் அவன் தனியே திரும்பி வந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். எனவே கடிகாரம் சற்று நகர்ந்தாலும் வழக்கு நில்லாது.

ஜீரணம் அத்தனை ஒழுங்காக நடப்பதா? 1822இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து வயிற்றில் ஆறாத துளையுடன் பிழைத்த ஒருவனின் இரைப்பைக்குள், வில்லியம் போமாண்ட் என்ற அமெரிக்க டாக்டர் பல ஆண்டுகள் பார்த்து ஆராய்ந்தார். உணவின் வகைக்கேற்பவும், கோபம் போன்ற உணர்ச்சிகளாலும் ஜீரணம் மாறுவதை 1833இலேயே நூலாக எழுதினார். அச்சத்தில் இருந்த ஒரு குழந்தையின் இரைப்பை எந்தக் கணக்குக்குக் கட்டுப்படும்?

14 வயதைக் கடந்தவரைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு மாற்ற 1908ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அங்கே கொலைக்குத் தூக்கு ஒன்றே தண்டனை. செப்டம்பர் 30 அன்று ஜூரிகள், "குற்றவாளி, கருணை காட்டுக" என்றார்கள். நீதிபதிக்கோ வேறு வழியில்லை. டிசம்பர் 8 என்று நாள் குறித்தார். 1960 ஜனவரியில் அரசு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. மறு ஆண்டு சட்டமே திருந்தி, 18 வயதுக்குட்பட்டவருக்குத் தூக்கு இல்லை என்றாயிற்று.

1966இல் இஸபெல் லெபோர்டே என்ற பெண் எழுத்தாளர் இவ்வழக்கைச் சாடி நூல் எழுதினார். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பை உறுதி செய்தது. மறுத்தவர் நீதிபதி எம்மெட் ஹால் ஒருவரே. இதில் வேதனை என்னவென்றால், அதே 1966இல் டாக்டர் பெனிஸ்டன் தம் கணக்கை மறுபரிசீலனை செய்து, அரை மணி என்ற குறுகிய எல்லையைத் தாமே தளர்த்தியிருந்தார். அந்தக் குறிப்பு எதிர்த்தரப்பு வக்கீல்களுக்குக் காட்டப்படவேயில்லை!

1969இல் பரோலில் வெளிவந்த ட்ரஸ்காட் வேறு பெயரில் வாழ்ந்தார். 2007 ஆகஸ்ட் 28 அன்று, இரைப்பை உணவைக் கொண்டு நேரத்தை அப்படிக் குறுக்க இயலாது என்பதை ஏற்று, ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. மறு ஆண்டு 65 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது.

அந்த விசாரணையில் இன்னொரு கடிகாரமும் வந்தது. உடலில் இருந்த ஈப்புழுக்களை 1959இலேயே ஓர் உயிரியலாளர் சேகரித்து வளர்த்துப் பார்த்திருந்தார். புழுவின் வளர்ச்சி வெப்பநிலையைப் பொறுத்தது. அதனால் இரு தரப்பு நிபுணர்களும் அதே குறிப்புகளிலிருந்து வெவ்வேறு நேரங்களைச் சொன்னார்கள். நீதிபதிகள் இம்முறை அதைக் கொண்டு எதையும் முடிவு செய்யவில்லை.