பூனை நீரிழிவு: வீட்டுப் பராமரிப்பு

பூனைகளின் இரத்தச் சர்க்கரை தொடர்ந்து உயர்ந்திருக்கும் நோய்; பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. தீராத தாகம், மிகுந்த சிறுநீர், நன்றாகத் தின்றும் மெலிதல் ஆகியன அறிகுறிகள்.

சிகிச்சை: பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தோலடி இன்சுலின் ஊசி, மாவுச்சத்து குறைந்த உணவு. மீன்சோறு தின்று பழகிய பூனைக்குச் சோற்றைக் குறைப்பது நல்லது. ஆனால் உணவு மாறும்போது இன்சுலின் அளவையும் மருத்துவர் திருத்த வேண்டும். 40 அலகு (U-40) இன்சுலினுக்கு 100 அலகு (U-100) ஊசிக்குழலைப் பயன்படுத்தக் கூடாது.

சோதனை: காதுமடல் ஓரத்தில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் குளுக்கோமீட்டரில் பார்க்கலாம். சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்ததன் அறிகுறியான தள்ளாட்டமோ வலிப்போ கண்டால் ஈறில் தேன் தடவி உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மருத்துவமனை: வடசென்னைப் பூனைகளுக்கு 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு.