புகாரும் முறையீடும்

மனத்தாங்கலை அதிகாரம் உடையார்முன் வைக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. பிராது, மனு, குறை, முறையீடு என நீளும் வரிசையில் இன்று முன்னிற்பது புகார். கண்ணகி புகார் நகரத்தவள். பாண்டியன் அவையில் நீதி கேட்டவள். அவள் ஊர்ப்பெயரே இப்பொருளைப் பெற்றதோ என நமக்கு எண்ணத் தோன்றும்.

உண்மை வேறு. ஆறு கடலிற் புகும் இடமே பழந்தமிழ்ப் புகார். காவிரிப்பூம்பட்டினம் அதனால் அப்பெயர் பெற்றது. குற்றச்சாட்டைக் குறிக்கும் புகாரோ, கூவியழைத்தல் எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லின் தமிழ் வடிவம். பிராது என்பதும் பாரசீக ஃபர்யாத் வழி வந்ததே. ஆள்வோர் மொழி மாறுந்தோறும், அவர் வாயிலில் நின்றோரின் சொல்லும் மாறியிருக்கிறது.

இவற்றுக்கு மூத்தது முறை. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் முறை என்றால் நீதி. ஓலமிடு, கூச்சலிடு என்பன போன்றதே முறையிடு. நீதி வேண்டிக் குரலெழுப்புதல் என்பது பொருள். குறை என்னும் சொல்லோ இல்லாமையைச் சுட்டுவது. குறை சொல்பவர் தம் இல்லாமையைக் காட்டி இரங்கக் கேட்கிறார். முறையிடுபவர் எதிரிலிருப்பவரின் கடமையை நினைவூட்டுகிறார். கன்றை இழந்த பசு மணியடித்ததையும் சோழன் தன் மகனையே தண்டித்ததையும் கண்ணகி பாண்டியனிடம் எடுத்துரைப்பது இந்த இரண்டாம் வகை. அவள் இரக்கத்தை வேண்டவில்லை.

இவ்வேறுபாட்டை நெய்வேலியில் வைத்துப் பார்க்கலாம். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றியது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். திறந்தவெளிச் சுரங்கம் ஆதலின் மேல்மண் முழுவதும் அகற்றப்பட வேண்டும். வயலும் சுரங்கமும் ஓரிடத்தில் இருத்தல் இயலாது. சிற்றூர்கள் பல இடம்பெயர்ந்தன. இழப்பீடும் வேலையும் கேட்டு நிலம் கொடுத்தோர் தலைமுறைகளாக மனு எழுதி வருகின்றனர். 2023 ஜூலையில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் விளைநெல் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் விளக்கம். கதிர் முற்றும்வரை பொறுத்திருக்கலாகாதா என்பது உழவர் கேள்வி.

இக்கேள்வியைச் சுமந்து செல்வோர்க்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கள்தோறும் நடைபெறும் கூட்டத்தின் பெயர் 'மக்கள் குறைதீர்க்கும் நாள்'. பெயர் சூட்டியோர் நன்னோக்கத்துடனேயே சூட்டியிருப்பர். ஆயினும் நிலத்தைக் கொடுத்து ஊரார் வீடுகளுக்கு மின்விளக்கு ஏற்றியவர், அங்கே குறையுடையவராகவே வரிசையில் நிற்கிறார். தீர்க்க வேண்டிய கடன் எதிர்ப்பக்கத்தில் இருப்பதை அப்பெயர் சொல்வதில்லை. முறையீடு என்ற பழஞ்சொல் அதைச் சொல்லும். அதை வழக்கொழிய விடாதிருப்போம்.