பழி சுமந்த ரப்பர் ஆலை

1943 ஜூலை 26. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைப் பழுப்பும் சாம்பலுமாக ஒரு புகை மூடியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, மூன்று தெரு தாண்டி எதுவும் தெரியவில்லை. போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜப்பான் விஷவாயு வீசிவிட்டதோ என்று பலர் பதறினார்கள்.

ஜப்பான் இல்லை என்றதும் உள்ளூரில் ஆள் தேடினார்கள். அலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்கு பியூட்டாடையீன் தயாரித்த ஆலைதான் முதலில் மாட்டியது. அதைக் கொஞ்ச நாள் மூடிப் பார்த்தார்கள், புகை போகவில்லை. அடுத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். பிறகு, வீட்டுக் கொல்லைகளில் குப்பை எரித்த அடுப்புகள். 1957இல் அவற்றுக்கும் தடை வந்தது. இதெல்லாம் வீண் வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய குற்றவாளியில் ஏறித்தான் ஊரே தினமும் வேலைக்குப் போய் வந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் அன்னாசிப்பழ மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். கால்டெக் கல்வி நிறுவனத்தின் ஆரி ஹாகன்-ஸ்மிட், நெதர்லாந்தில் பிறந்த வேதியியலாளர். பழத்தின் வாசனையைக் குளிரவைத்துத் துளியாக்கும் முறை அவருக்குக் கைவந்தது. அதே முறையில் வெளிக்காற்றை இழுத்துப் பார்த்தார். நாற்றமடிக்கும் பழுப்புத் திரவம் சில துளி கிடைத்தது. காரிலிருந்து வரும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் நிறைந்த இந்தப் புகையை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். ஓசோனை அளக்க அன்று உதவியது வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டு. எவ்வளவு சீக்கிரம் அதில் வெடிப்பு விழுகிறதோ, காற்றில் அவ்வளவு ஓசோன்.

எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் நடந்த ஆய்வு இதை மறுத்தது. கார் கம்பெனிகளும் அசையவில்லை. உள்ளாட்சி உறுப்பினர் கென்னத் ஹான் 1953இல் ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். புகை சீக்கிரமே காற்றில் கலைந்துவிடும், அதனால் பிரச்சினை இல்லை என்று பதில் வந்தது. மூன்று பக்கம் மலை, மேலே மூடிபோல வெப்பக் காற்று என்று இருக்கும் ஊரில் எங்கே கலைவது? மனிதர் விடவில்லை, ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். புகைத்தடுப்புக் கருவிகளைத் தாமதப்படுத்தக் கார் கம்பெனிகள் கூட்டுச் சதி செய்தன என்று 1969இல் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது. விசாரணைக்கு நிற்காமல் கம்பெனிகள் சமரசம் செய்துகொண்டன.

1967இல் கலிஃபோர்னியா அமைத்த காற்றுவள வாரியத்துக்கு ஹாகன்-ஸ்மிட்டே முதல் தலைவர். 1975 மாடல் கார்களில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. பெட்ரோலில் ஈயம் இருந்தால் அந்தக் கருவியின் பிளாட்டினப் பூச்சு கெட்டுவிடும். ஆகவே ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வந்தது. இந்தியாவில் அந்த ஜோடி 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நகரங்களின் புதுக் கார்களோடு தொடங்கியது.