ஊரில் ஒரு நாணயச் சேகரிப்புக் கழகம்: தொடங்குவதும் நடத்துவதும்

இடப்பெயர்வுகளில் எமது வீடுகளிலிருந்து போனவற்றுள் காசுப் பெட்டியும் ஒன்று. விக்ரோறியா மகாராணியின் தலை பொறித்த வெள்ளி ரூபாக்கள், சதுரமான ஐந்து சதங்கள், விளிம்பு வளைந்த இரண்டு சதங்கள் எனப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டவென்று வைத்திருந்தவற்றுள் சில அரிசிக்காக விற்கப்பட்டன. சில புதைத்த இடத்திலேயே போயின. தாலிக்கொடியில் கோத்த பவுண் காசுகளின் கதையும் அதுதான். மிஞ்சியவை இன்று பால்மாப் பேணிகளிலும் சாமி அறைத் தட்டுகளிலும் கிடக்கின்றன. அவை யாரிடமிருந்து எப்படி வந்தன என்று சொல்லத் தெரிந்த முதியவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். ஆகவே கழகம் தொடங்க விரும்புவோர் முதலில் வாங்கவேண்டியது அல்பம் அல்ல, ஒரு தடித்த கொப்பி.

கொப்பி ஏன் முக்கியம் என்பதற்குச் சேதுக் காசே போதும். படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும் பொறித்த இந்தச் செப்புக் காசுகளை இராமநாதபுரம் சேதுபதிகளுடையவை என்று முன்னர் சிலர் கருதினர். அவை யாழ்ப்பாணத்து மன்னர்கள் வெளியிட்டவை என்று நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920 இல் எழுதினார். அவை ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகள் என்பதே இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. இப்படியான வழக்குகளில் காசு எந்த மண்ணில் கிடைக்கிறது என்பது பெரிய சாட்சி. கடைக்காரர் கைமாற்றித் தந்த காசில் அந்தச் சாட்சி அழிந்துவிடுகிறது. கொப்பியில் ஒரு காசுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நிறை, குறுக்களவு, உலோகம், இருபுறமும் உள்ளவை, யாரிடம் இருக்கிறது, அவருக்கு எப்படி வந்தது, எந்த ஊர் என எழுதி, படமும் எடுத்து வையுங்கள். முதியவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். எப்படி இழந்தீர்கள் என்று கிண்ட வேண்டாம். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

ஐந்தாறு பேர் சேர்ந்தால் தொடங்கலாம். தனி அமைப்பாகப் பதிவதைவிட, சனசமூக நிலையத்தின் அல்லது பாடசாலை வரலாற்று மன்றத்தின் ஒரு பிரிவாக இயங்குவது நல்லது. அறை, மேசை, திறப்பு எல்லாம் அங்கேயே உண்டு. நாலுபேர் கூடினால் யார், எதற்கு என்று விசாரணை வரும் இடங்களில் பதில் சொல்ல ஒரு நிர்வாகமும் இருக்கும். சந்தாவைச் சிறிதாக வைத்து, பற்றுச்சீட்டுக் கொடுத்து, இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கில் போடுங்கள். சீட்டுக் காசில் ஏமாந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கழகத்துக்கெனச் சொந்தமாக நாணயம் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. காசு அவரவர் வீட்டில் இருக்கட்டும். கழகத்திடம் பதிவு இருந்தால் போதும். களவுப் பயமும் இல்லை, நிர்வாகம் மாறும்போது சண்டையும் இல்லை. யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பதை முகநூலில் போடாதீர்கள். பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் விற்பனை, விலைபேசல் கூடாது.

மாதம் ஒரு கூட்டம், ஒரு மணிநேரம், ஒரே பொருள். தொடக்கத்துக்கு மத்திய வங்கி 2013 இல் 25 மாவட்டங்களுக்கும் வெளியிட்ட பத்து ரூபாத் தொகுதி நல்லது. அடுத்து ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை பொறித்த செப்புக் காசு. நாம் சொல்லும் 'துட்டு' அந்த 'டொயிட்' காசின் பெயரிலிருந்து வந்தது என்பர். 2009 இல் வெளிவந்த 1000 ரூபா ஞாபகார்த்தத் தாள் பற்றியும் கேள்வி வரும். ஒரு பக்கத்தில் அன்றைய ஜனாதிபதி, மறுபக்கத்தில் கொடியேற்றும் படையினர். பதிவில் அது இருக்கவேண்டும். அரசு தன்னை எப்படிக் காட்ட விரும்பியது என்பதற்கு அது ஆவணம். ஆனால் பார்க்க விரும்பாதவர் முன் நீட்டக்கூடாது.

போலிகளையும் பழக்குங்கள். இராமர், அனுமார் உருவங்களுடன் 1818 என்று ஆண்டு போட்ட 'கிழக்கிந்தியக் கம்பனி' காசுகள் பிற்காலத்தில் செய்தவை. அவற்றுக்கு அரிசியை இழுக்கும் சக்தி என்பது மோசடி. வன்னியில் தமிழீழ வைப்பகம் இயங்கிய காலத்திலும் புழங்கியது இலங்கை ரூபாதான். 'தமிழீழ நாணயம்' என்று விற்கப்படுபவை எதுவும் அன்று புழங்கிய பணம் அல்ல. பழைய காசுக்கு இலட்சங்கள் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

குத்துவிளக்கு மினுக்கும் புளியையும் பிரசோவையும் காசுக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். மேற்படிவைத் தேய்த்து எடுத்தால் எழுத்தும் தேய்ந்துபோகும். மென்மையான பிளாஸ்ரிக் உறைகள் செப்பைப் பச்சையாக்கிக் கெடுக்கும். கடதாசி உறையே நல்லது.

தோண்டித் தேடுவதைக் கழகம் ஒருபோதும் ஊக்குவிக்கக்கூடாது. முதற்காரணம் மிதிவெடியும் வெடிக்காத குண்டும். மற்றது சட்டம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவை தொல்பொருட்கள். அனுமதியின்றி அவற்றைத் தேடித் தோண்டமுடியாது. சொந்தக் காணி என்பதற்காக மண்ணுக்குள் இருப்பது காணிக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. கிணறு வெட்டும்போது தற்செயலாகக் கிடைத்தால் அறிவிக்கவேண்டும்; கிராம அலுவலர் ஊடாகச் செய்வது இலகு. விடுமுறைக்கு வரும் உறவுகள் சேதுக் காசையோ ஒல்லாந்தக் காசையோ ஞாபகத்துக்கென்று அனுமதிப்பத்திரமின்றிக் கொண்டுபோகவும் முடியாது.

அவர்கள் கொண்டுவரக்கூடியவை வேறு. சுவிஸ் பிராங்கும் நோர்வேக் குரோனரும் கனேடிய டொலரும் மேசைக்கு வரும்போது, அவற்றைத் தந்தவர் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் புறப்பட்டவர் என்பதையும் பிள்ளைகளைக் கொண்டு அந்தப் பக்கத்திலேயே எழுதுவியுங்கள்.