சிறு பெட்ரோல் இயந்திரங்களில் பற்றவைப்புக் கோளாறு

சிறு பெட்ரோல் இயந்திரங்களில் பற்றவைப்புக் கோளாறு என்பது, புல்வெட்டி, சங்கிலி வாள், இலையூதி முதலிய தோட்டக் கருவிகளின் இயந்திரத்தில் தீப்பொறி தோன்றாமை, வலுவிழந்து தோன்றுதல் அல்லது உரிய கணத்தில் தோன்றாமை ஆகியவற்றைக் குறிக்கும். இக்கருவிகளில் பெரும்பாலானவற்றில் மின்கலம் கிடையாது. கயிற்றை இழுக்கும்போது சுழலும் காந்தமே தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்குகிறது. ஆகையால் கார் போன்ற மின்கலம் உள்ள வாகனங்களின் மின்சுற்றை மனத்தில் கொண்டு இங்கு பழுது தேடுபவர் தவறான இடத்திலேயே தேடிக்கொண்டிருப்பார். நல்ல நிலையிலுள்ள காயிலைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கிப் பொருத்துவதும், அதன் பின்னும் இயந்திரம் ஓடாதிருப்பதும் இதனால் நேர்பவையே.

இங்கு தோளில் தொங்கவிட்டுப் பயன்படுத்தும், பிரஷ் கட்டர் என்று பரவலாக அறியப்படும் இருவீச்சுப் புல்வெட்டி முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஏனைய கருவிகளுக்கும் இதன் அடிப்படை பொருந்தும்.

இயங்கும் முறை

இயந்திரத்தின் சுழல்தண்டு முனையில், குளிர்விக்கும் விசிறியாகவும் பயன்படும் ஒரு சக்கரம் உண்டு. அதன் விளிம்பில் நிலைக்காந்தம் பதிக்கப்பட்டிருக்கும். சக்கரத்திற்கு வெளியே, மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உள்ளகத்தின் மீது காயில் அமைந்துள்ளது. அதில் சில சுற்றுகளே கொண்ட தடித்த கம்பிச் சுருள் ஒன்றும், பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும் உள்ளன. முன்னது முதன்மைச் சுருள், பின்னது துணைச் சுருள். காந்தம் உள்ளகத்தைக் கடக்கையில் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அவ்வோட்டம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது துணைச் சுருளில் 10,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் தோன்றி, பிளக்கின் முனைகளுக்கு இடையே தீப்பொறியாகப் பாய்கிறது.

முற்காலத்தில் இத்துண்டிப்பைச் செய்தது பாயிண்ட் எனப்படும் தொடுமுனை. அது தேய்ந்தும் கருகியும் அடிக்கடி தொல்லை தந்தது. பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் நிறுவனம் 1982 இல் மேக்னட்ரான் என்ற பெயரில் மின்னணுத் துண்டிப்பு முறையைக் கொண்டுவந்தது. இன்றைய புல்வெட்டிகளில் துண்டிக்கும் மின்னணுப் பகுதியும் காயிலும் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டுள்ளதால், உள்ளே பிரித்துப் பழுது பார்க்க இடமில்லை.

காந்தத்தைக் கொண்டு பற்றவைக்கும் எண்ணம் பழையது. ராபர்ட் போஷ் 1897 இல் தம் காந்த மின்னாக்கியை ஒரு மோட்டார் வண்டியில் பொருத்தினார். அவரிடம் பணியாற்றிய காட்லோப் ஹோனோல்ட் 1902 இல் உயர் அழுத்தக் காந்த மின்னாக்கியையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார்.

நிறுத்தும் கம்பி

மின்கலம் உள்ள வாகனத்தில் சாவியைத் திருப்பினால் சுற்று மூடப்பட்டு மின்சாரம் பாய்கிறது. கம்பி அறுந்தால் வண்டி ஓடாது. காந்தப் பற்றவைப்பில் இது நேர்மாறானது. கைப்பிடியிலுள்ள பொத்தானை நிறுத்தும் நிலைக்குத் தள்ளும்போதுதான் சுற்று மூடப்படுகிறது. அப்போது முதன்மைச் சுருள் இயந்திரத்தின் உடலோடு இணைந்து, மின்சாரம் முழுவதும் அவ்வழியே கழிந்துவிடுவதால் தீப்பொறி எழுவதில்லை. சுற்று திறந்திருந்தால் இயந்திரம் ஓடும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. அக்கம்பி அறுந்தால் இயந்திரம் கிளம்பாமற் போகாது; மாறாக, கிளம்பியதை நிறுத்த முடியாமற் போகும். கம்பியின் மேலுறை தேய்ந்து செம்பு எங்கேனும் உலோகத்தைத் தொட்டால், பொத்தான் எந்நிலையில் இருந்தாலும் தீப்பொறி வராது. புல்வெட்டியில் இக்கம்பி நீண்ட குழாயை ஒட்டிக் கைப்பிடி வரை செல்கிறது. ஓயாத அதிர்வில் அது தேய்வதற்கு வாய்ப்பு மிகுதி. பொத்தானுக்குள் ஈரமும் புழுதியும் சேர்ந்தாலும் இதே விளைவு. காயில் செத்துவிட்டது என்று முடிவு கட்டப்பட்ட கருவிகளில் இக்கம்பியை ஒருமுறையேனும் பார்த்திருக்க வேண்டும்.

சோதிக்கும் முறை

கத்தியைத் தொடும் எந்த வேலைக்கும் முன்னர் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். சோக் நிலையில் வைக்கப்பட்ட இயந்திரம் பலவற்றில் முடுக்கம் பாதி திறந்தே இருக்கும். எதிர்பாராமல் கிளம்பினால் கத்தியும் உடனே சுழலும்.

முதலில் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பதே முறை. பலமுறை கயிறு இழுத்த பின்னும் அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். பற்றவைப்பில் கைவைக்க வேண்டியதில்லை. நனைந்திருந்தால் தீப்பொறியை ஐயுறலாம். ஆயினும் அளவுக்கு மீறிச் சோக் இட்டு இழுத்ததாலும் பிளக் நனையும். பொத்தானை நிறுத்தும் நிலையில் வைத்து, பிளக் இல்லாமல் பத்துப் பதினைந்து முறை கயிற்றை இழுத்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும்.

தீப்பொறியைப் பார்க்க, சிந்திய பெட்ரோலைத் துடைத்து உலரவிட்டு, சற்றுத் தள்ளி நிழலான இடத்திற்குக் கருவியைக் கொண்டுசெல்ல வேண்டும். பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் மரையுள்ள உலோகப் பகுதி இயந்திரத்தின் உடலில் அழுந்தத் தொடுமாறு வைத்து, பொத்தானை ஓடும் நிலையில் இட்டுக் கயிற்றை விரைவாக இழுக்க வேண்டும். பிளக் துளை திறந்திருப்பதால் அங்கிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும். எனவே பிளக் துளைக்கு அருகில் இருத்தலாகாது. அதைக் கையால் பிடித்திருப்பதும் கூடாது. பிளக்கை எங்கும் தொடாமல் அந்தரத்தில் விட்டு இழுத்தால், வெளியேற வழியற்ற உயர் அழுத்தம் காயிலின் உட்காப்பையே துளைத்துவிடக்கூடும்.

நீலமாகச் சொடுக்கும் பொறி நல்லது. மஞ்சளாகவோ விட்டுவிட்டோ வந்தால் புதிய பிளக்கை இட்டுப் பார்க்க வேண்டும். வெளியே பொறி தெரிந்ததனால் உள்ளேயும் தோன்றும் என்று உறுதி கூற இயலாது. உருளையினுள் அழுத்தப்பட்ட கலவையைக் கடக்க அதனினும் உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும்.

புதிய பிளக்கிலும் பொறி இல்லையெனில், காயிலின் அருகே நிறுத்தும் கம்பியைக் கழற்றிவிட்டு மீண்டும் இழுக்க வேண்டும். பொறி வந்தால் கோளாறு கம்பியிலோ பொத்தானிலோ உள்ளது. கம்பியைக் கழற்றிய நிலையில் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பவர், அதைச் சோக்கை மூடித்தான் நிறுத்த முடியும் என்பதை முன்பே நினைவிற் கொள்ள வேண்டும்.

அடுத்தது காயிலுக்கும் காந்தத்திற்கும் உள்ள இடைவெளி. பெரும்பாலான சிறு இயந்திரங்களில் இது ஏறத்தாழ 0.3 மி.மீ. தடித்த முகவரி அட்டை ஒன்று கிட்டத்தட்ட இவ்வளவு கனமுடையது. திருகுகளைத் தளர்த்தி, காந்தத்தின் எதிரே அட்டையைச் செருகி, காயில் காந்தத்தால் இழுபட்டு ஒட்டியபின் திருகுகளை முடுக்கி அட்டையை உருவிவிடலாம். மழைக்காலம் முழுதும் மூலையில் கிடந்த கருவியாயின் உள்ளகத்தின் முகத்திலும் காந்தத்திலும் துரு படிந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து அகற்ற வேண்டும். இவையனைத்தும் சரியாயிருந்தும் பொறி வராதபோதே காயிலை மாற்றுவது நியாயமாகும். ஓம் அளவி கொண்டு பார்ப்பது சுருள் அறுந்துள்ளதா என்பதை மட்டுமே காட்டும். மின்னணுப் பகுதியின் பழுதை அது காட்டாது.

சூடேறிய பின் நிற்றல்

குளிர்ந்திருக்கையில் நன்றாகக் கிளம்பி, சிறிது நேர வேலைக்குப் பின் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடுவது காயில் பழுதின் அடையாளமாகக் கருதப்படுகிறது. சூட்டில் உட்காப்பு விட்டுக்கொடுப்பதால் இது நேரும். ஆனால் எரிபொருள் கலனின் காற்றுத்துளை அடைபட்டாலும் இதே அறிகுறி தோன்றும். பெட்ரோல் குறையக் குறையக் கலனுக்குள் வெற்றிடம் ஏற்பட்டு வரத்து நின்றுவிடுகிறது. இயந்திரம் நன்கு ஆறிய பின் மட்டுமே கலனின் மூடியைத் திறக்க வேண்டும். காற்று உறிஞ்சப்படும் ஒலி கேட்டால் காயிலைக் குறை கூறுவதற்கில்லை. காயிலை ஐயுறுபவர், நின்ற உடனேயே, ஆறுவதற்கு முன், தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். இதற்கெனக் கம்பியின் இடையே செருகும், மூடிய குடுவையுடைய சோதனைக் கருவி பாதுகாப்பானது.

பொறி இருந்தும் ஓடாமை

காந்தச் சக்கரத்தைச் சுழல்தண்டோடு ஒரே நிலையில் பிணைப்பது கீ எனப்படும் சிறு உலோகத் துண்டு. அது நசுங்கினால் சக்கரம் சற்றே நகர்ந்து, பொறி தவறிய கணத்தில் தோன்றும். இயந்திரம் கிளம்பாது, அல்லது கயிறு கையை வெடுக்கெனப் பின்னிழுக்கும். கத்தி நேரே சுழல்தண்டில் பொருத்தப்பட்ட தள்ளுவகைப் புல்வெட்டிகளில், கத்தி கல்லிலோ அடிமரத்திலோ மோதும்போது இது நிகழ்கிறது. தோளில் தொங்கும் வகையில் இடையே கிளட்ச் இருப்பதால் மோதலின் அதிர்ச்சி சக்கரத்தை அவ்வளவாகத் தாக்குவதில்லை. அங்கு சக்கரத்தின் நட்டு தளர்வதே பெரும்பாலும் காரணம்.

பிளக்

முனை வெளிர் பழுப்பாக இருப்பது இயல்பு. கரிய எண்ணெய்ப் பசை, எண்ணெய் மிகுதியாகக் கலக்கப்பட்டதையோ காற்று வடிகட்டி அடைபட்டதையோ காட்டும். 50:1 கலவைக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. இருவீச்சு எண்ணெய் போதும். 25:1 க்கு 40 மி.லி. முனைகளின் இடைவெளி கருவிக்குக் கருவி மாறும். பல சங்கிலி வாள்களில் 0.5 மி.மீ.

பிளக்கை மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்குதல் தவறு. என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடக் கூட வெப்பத்தை விரைந்து கடத்தும் வகை. சாம்பியன் பிளக்குகளில் இது தலைகீழ். மரையின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். நீளம் மிகுந்த பிளக், கயிற்றை இழுக்கும் முதல் இழுப்பிலேயே பிஸ்டனின் தலையில் மோதக்கூடும்.