நசுங்கிய விரலும் வைட்டமின் டி குறைபாடும்: பொறுப்பு யாருடையது?

பட்டறையிலோ நூற்பாலையிலோ கை சிக்கி எலும்பு முறிந்த தொழிலாளியின் இரத்தப் பரிசோதனை அறிக்கை, இழப்பீட்டு வழக்கில் அவருக்கெதிராகவே நீட்டப்படக்கூடும். 'இவருக்கு வைட்டமின் டி குறைவு. எலும்பு முன்பே வலுவிழந்திருந்தது' என்பது அவ்வாதம். மருத்துவத்திலோ சட்டத்திலோ அதற்குப் போதிய ஆதாரமில்லை என்பதே எமது நிலைப்பாடு.

வைட்டமின் டியின் பெரும்பகுதி உணவிலிருந்தன்று, தோலில் படும் வெயிலால் உருவாகிறது. குடல் கால்சியத்தை உறிஞ்ச அது இன்றியமையாதது. நெடுங்காலம் கடுமையாகக் குறைந்தால் எலும்பில் தாதுப் படிவு குன்றும். இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழிருந்தால் குறைபாடு என்பது வழக்கமான அளவுகோல். அவ்வளவுகோலின்படி இந்தியாவில் இக்குறைபாடு மிகப் பரவலானது. நிர்வாக அலுவலர்களைப் பரிசோதித்தாலும் பலருக்கு இருக்கும். ஆகவே அறிக்கையிலுள்ள எண் விபத்தின் காரணத்தைச் சொல்லிவிடாது.

குறைபாட்டால் எலும்பு மென்மையாகும்போது தொடை, இடுப்பு, விலா எலும்புகளிலேயே பெரிதும் விரிசல் தோன்றுகிறது. பவர் பிரஸ்ஸின் அடியில் அகப்பட்ட விரலோ வேறு கதை. அங்கே வலுவான எலும்பும் நொறுங்கும். மாத்திரையும் தடுப்பாகாது. அமெரிக்காவில் 25,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட 'வைட்டல்' ஆய்வின் 2022ஆம் ஆண்டு முடிவு, பொதுவாக நலமுடன் இருப்போருக்கு வைட்டமின் டி மாத்திரை எலும்பு முறிவைக் குறைக்கவில்லை எனக் காட்டியது. கடும் குறைபாடுள்ளவருக்குச் சிகிச்சை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்திரத்திற்கு வேண்டியது தடுப்பு வேலி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21ஆம் பிரிவில் விதித்ததும் அதையே.

வெயில் ஏன் கிட்டவில்லை என்பதையும் கேட்டாக வேண்டும். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் திருப்பூர், கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலை விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட இளம்பெண்களில் கணிசமானோர் தலித் குடும்பத்தினர். இரவு ஷிப்ட், பகலுறக்கம், காவலரின்றி வெளியே செல்லத் தடை: இவ்வாறு வெயிலை மறுத்த நிர்வாகமே பின்னர் வெயிலின்மையின் விளைவைத் தொழிலாளியின் குறையாகக் காட்டுவது கொடிய முரண்.

முன்பே இருந்த உடற்குறை இழப்பீட்டுக்கு முழுத் தடையாகிவிடாது. பரம் பால் சிங் வழக்கில், பணியின் அழுத்தம் ஓட்டுநரின் மரணத்தை விரைவுபடுத்தியதாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை ஏற்றது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 51ஏ பிரிவும், பணியின்போது நேர்ந்த விபத்தை, மாறான சான்று இல்லாதவரை, பணியால் நேர்ந்ததாகவே கொள்கிறது.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை, கட்டைவிரல் இழப்பை 30 விழுக்காடாகவும் ஆள்காட்டி விரல் முழு இழப்பை 14 விழுக்காடாகவும் மதிப்பிடுகிறது. சிக்கல் இழப்பில் அன்று, முறிவில்தான். எலும்பு கூடியும் மடங்காத விரலுக்கு அட்டவணையில் நேரடி எண்ணில்லை. ஊதியமீட்டும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தகுதிபெற்ற மருத்துவரே மதிப்பிட வேண்டும். வைட்டமின் டி வாதம் நுழைவதும் இவ்விடத்தில்தான். மதிப்பீட்டுச் சான்றில் விபத்து நிகழ்ந்த விதம், எந்திரத்தின் பெயர், விரலின் அசைவளவு ஆகியவை தெளிவாக எழுதப்பட்டுள்ளனவா எனத் தோழர்கள் பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனியே கோர இயலாது. இவ்விரு சட்டங்களையும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு தன்னுள் இணைத்துள்ளதால், மனு எழுதுமுன் விபத்து நடந்த நாளில் எது நடப்பிலிருந்தது என்பதை உறுதிசெய்துகொள்க. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழாயின், விபத்து நிகழ்ந்த இரண்டாண்டுகளுக்குள் கோரிக்கை தாக்கலாக வேண்டும்.