காலித் தோட்டாவும் ஒரு கணக்குப்பிள்ளையும்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த பிறகு என் தலையில் விழுந்த வேலைகளில் ஒன்று, கிளைக் காவலரின் 12 போர் துப்பாக்கிக்கான தோட்டாக்களை எண்ணி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது. காவலர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர், பீகாரில் ஆரா பக்கம். போன மாதம் எண்ணிக்கொண்டிருந்தபோது இந்தியில் சொன்னார்: "எங்க தாத்தா சுட்ட தோட்டாவைத் தூக்கிப் போடவே மாட்டார் சாப். திரும்ப மருந்து ரொப்பிடுவார்."

ஏன் என்று கேட்டேன். "புதுசுக்குக் காசு யார் கொடுப்பா?"

பி.காம். படித்தவனுக்கு இது போதாதா? தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

தோட்டாவில் நாலு சமாச்சாரம்: பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் கேப், மருந்து, ஈயக்குண்டு. சுட்டதும் மூன்று போய்விடும். மிஞ்சுவது கூடு, அதுதான் விலை கூடியது. எங்கள் பாஷையில் கூடு நிலைச்சொத்து, மற்றதெல்லாம் நடப்புச் செலவு.

இந்தக் கணக்கை நன்றாகப் போட்டவர்கள், 1870-களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை சுட்டவர்கள். 1872-ல் டாட்ஜ் சிட்டிக்கு ரயில் வந்ததும் தோல் வியாபாரம் சூடு பிடித்தது. வேட்டைக் கூடாரத்திலிருந்து கடைக்குப் போக நாள் கணக்காகும். அதனால் மருந்தையும் ஈயத்தையும் மொத்தமாக வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். ராத்திரி நெருப்பருகே உட்கார்ந்து ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது, கூட்டைக் கழுவி மறுபடி நிரப்புவது. ஷார்ப்ஸ் துப்பாக்கிக் கம்பெனியே அச்சும் கருவியும் விற்றது.

சிக்கனம் நல்ல குணம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். கோடிக்கணக்கில் திரிந்த அந்த மிருகம், 1889-ல் கணக்கெடுத்தபோது வட அமெரிக்கா முழுக்கச் சுமார் ஆயிரம்தான். ரயிலும் தோல் சந்தையும்தான் முதல் காரணம், சரி. ஆனாலும் ஒரு குண்டின் அடக்கவிலை அத்தனை குறையாமல் இருந்திருந்தால் அந்தத் தொழில் கட்டுப்படியாகியிருக்குமா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நடுவே ஒரு வேடிக்கை. கேப்பில் இரண்டு வகை. ஒன்று அமெரிக்கர் பெர்டானுடையது, மற்றது ஆங்கிலேயர் பாக்ஸருடையது. பாக்ஸர் வகையில் நடுவில் ஒரே துளை, ஊசியால் தட்டினால் பழைய கேப் வந்துவிடும். வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் அமெரிக்கர்கள் ஆங்கிலேயருடையதைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்கருடையது ஐரோப்பாவில் பரவியது!

பழந்துப்பாக்கிக்காரர்களுக்குக் காசு இரண்டாம்பட்சம். ஸ்னைடர், மார்டினி-ஹென்றி போன்றவற்றுக்குத் தோட்டா சாதாரணக் கடையில் கிடைக்காது. அதைவிட முக்கியம் அழுத்தம். 1884-ல் பிரான்ஸில் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அதற்கு முந்தைய துப்பாக்கிகள் கருமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இரும்புப் பட்டைகளை முறுக்கி அடித்துச் செய்த டமாஸ்கஸ் குழல் என்றால் இன்னும் ஆபத்து. இன்றைய தோட்டாவுக்கு வெடித்தே போகலாம். அதனால்தான் அவர்கள் பழைய மருந்தைக் கையால் நிரப்புகிறார்கள். (நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். யாரும் கிளம்பிவிடாதீர்கள்.)

இதையெல்லாம் காவலரிடம் உற்சாகமாகச் சொன்னேன். டமாஸ்கஸ் குழல் என்றதும், "பாம்புத்தோல் மாதிரி வரி வரியா இருக்குமா சாப்?" என்றார்.

"ஆமாம்."

தாத்தா போன பிறகு, ஒரு கல்யாணத்தில் சித்தப்பா அந்தத் துப்பாக்கியில் கடைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டாராம். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. தாத்தா காசுக்காகத்தான் ரொப்பினார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்களாம்.